கட்டி இழுத்துப் போனால்தான் கடத்தலா?

மகளைக் காணவில்லை என்றால் ஊரே காவல் நிலையத்துக்கு ஓடும். தெரிந்த மேஸ்திரியோடு வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறாள் என்றால், மாதக்கணக்கில் அவள் குரலே கேட்காவிட்டாலும் யாரும் அசைய மாட்டார்கள். மனிதக் கடத்தலை ஆள்தூக்குவதோடு குழப்பிக்கொள்வதுதான் நாம் செய்யும் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு, மனிதரை வணிகப் பொருளாக்குவதையும் கட்டாய உழைப்பையும் ஒரே மூச்சில் தடை செய்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவு இதை விரித்துச் சொல்கிறது. ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, தங்கவைப்பது, கைமாற்றுவது, பெற்றுக்கொள்வது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நடந்திருக்க வேண்டும். அது மிரட்டியோ, ஏமாற்றியோ, ஆசைகாட்டியோ, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியோ நடந்திருக்க வேண்டும். நோக்கம் சுரண்டலாக இருக்க வேண்டும். எல்லை தாண்டியாக வேண்டும் என்று சட்டம் எங்கும் கேட்கவில்லை. பக்கத்து ஊர்ச் சூளைக்குக் கொண்டுபோனாலும் குற்றம்தான்.

“அவளே சம்மதித்துத்தானே போனாள்?” பஞ்சாயத்தில் இந்தக் கேள்வி எழுந்தால் பெற்றோர் வாயடைத்துப் போகிறார்கள். போக வேண்டியதில்லை. ஏமாற்றியோ மிரட்டியோ பெற்ற சம்மதம், குற்றம் நடந்ததா என்று தீர்மானிப்பதில் பொருட்டல்ல என்று அதே பிரிவு சொல்கிறது. கொங்கு வட்டாரத்திலும் திண்டுக்கல்லிலும் சில நூற்பாலைகள் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் பெண்களைச் சேர்த்ததை நினைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டு வேலை, முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு ஆகும் என்ற வாக்குறுதி. நடுவில் விலகினால் அந்தத் தொகை கைக்கு வராது. எழுதிக் கொடுத்தவர்கள் பெற்றோர். விடுதிக்குள் அடைபட்டவள் பெண். அதற்காக நூற்பாலை வேலை எல்லாமே கடத்தல் என்று கூவுவதும் தவறு. நினைத்தபோது ஊருக்கு வர முடிகிறதா, கூலி மாதாமாதம் அவள் கைக்கு வருகிறதா, போனில் தனியாகப் பேச விடுகிறார்களா என்று விசாரித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்தது முன்பணம். “கடன் வாங்கினான், உழைத்துக் கழிக்கிறான், இதில் என்ன தப்பு?” என்று படித்தவர்களே கேட்கிறார்கள். எனக்கு எரிச்சலூட்டும் கேள்வி இதுதான். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடனையே ரத்து செய்துவிட்டது. திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு தொழிலாளிக்கு இல்லை. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் சுமையும் கொடுத்தவர் தலையில்தான். டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் சங்கிலியைத் தேடாதீர்கள். கூலிக் கணக்கு நோட்டைக் கேளுங்கள்.

கடத்தல் அல்லாததைக் கடத்தல் என்பதும் உண்டு. 2010-இல் 492 இலங்கைத் தமிழர்களோடு ‘சன் சீ’ கப்பல் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தது. பணம் கொடுத்துக் கப்பலேறி, போய்ச் சேர்ந்த இடத்தில் அடைக்கலம் கேட்டவர்கள் அவர்கள். இது சட்டத்துக்குப் புறம்பாக ஆட்களை எல்லை கடத்திவிடுவது. சர்வதேச விதிகளில் இதற்குத் தனி உடன்படிக்கையே இருக்கிறது. சுரண்டும் நோக்கத்தோடு ஆளை ஏமாற்றியோ மிரட்டியோ கொண்டுபோனால்தான் மனிதக் கடத்தல் ஆகிறது. இரண்டையும் கலந்து எழுதினால் அகதிக்கும் அநியாயம், அடிமைப்பட்டவருக்கும் அநியாயம்.

படித்த இளைஞர்கள் இதில் சிக்கமாட்டார்கள் என்று நினைப்பவர்கள் மியான்மரின் எல்லை நகரான மியாவாடியை மறந்துவிட்டார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பி பாங்காக் போன தமிழக இளைஞர்கள், எல்லைக்கு அப்பால் மியான்மரில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். 2022-இல் சிலர் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினார்கள். வேலைக்குச் சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்று ஏஜெண்ட் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும். மத்திய அரசின் ‘இ-மைகிரேட்’ தளத்தில் அவர் பதிவு பெற்றவரா என்று பார்க்கலாம். பதிவு பெற்றவரும்கூடச் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம்.

கடைசித் தவறு மீட்கப் போகிறவர்களுடையது. சூளையிலிருந்து குடும்பத்தை வேனில் ஏற்றி, ஊரில் இறக்கி, படம் எடுத்துக்கொண்டு போய்விடுவது. பாக்கி கேட்டு மேஸ்திரி மறுபடி வாசலில் வந்து நிற்பார். கோட்டாட்சியரோ மாவட்ட ஆட்சியரோ தரும் விடுதலைச் சான்று கையில் இருந்தால்தான் அவரிடம் நீட்டிக் காட்ட ஒரு காகிதம் இருக்கும். 2016-ஆம் ஆண்டின் மத்திய மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம், கொடிய சுரண்டலுக்கு மூன்று லட்சம் ரூபாய் என்று இருக்கும் உதவியைக் கேட்கவும் அதுவே பிடிமானம். ஆகவே புகார் மனுவில் ‘கூலித் தகராறு’ என்று எழுதிவிடாதீர்கள். வாங்கிய முன்பணம், கொடுத்த கூலி, வெளியே விட மறுத்த நாட்கள் மூன்றையும் தனித்தனியாக எழுதி, ‘கொத்தடிமை’ என்ற சொல்லையும் அதில் எழுதுங்கள்.