அப்லேஷன் முடிந்து வீடு வந்தவரைப் பார்த்துக்கொள்வது எப்படி

என் அப்பச்சிக்கு இதயம் தாறுமாறாகத் துடிக்கிற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மதுரையில் தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாக வயர் செலுத்தி அப்லேஷன் செய்தார்கள். மார்பில் தழும்பே இல்லை. பார்க்க வந்த பங்காளிகள், "அதான் ஒன்றுமில்லையே, எழுந்து நடமாடச் சொல்லு ஆச்சி" என்றார்கள். உள்ளே இதயத் திசுவைச் சுட்டிருக்கிறார்கள், அது ஆற வாரக்கணக்கில் ஆகும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது.

முதல் வாரம் கவனமெல்லாம் தொடை இடுக்கில்தான் இருக்க வேண்டும். நம் செட்டிநாட்டு வீடுகள் இதற்குச் சிரமம் தருபவை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று தாண்டத் தாண்ட நிலைப்படி. கழிப்பறையோ கடைசிக் கட்டில், அதுவும் குந்தி உட்காருகிற மாதிரி. குந்தினால் காயத்தில் அழுத்தம் ஏறும். அதனால் கட்டிலைக் கழிப்பறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றுங்கள். சர்ஜிக்கல் கடையில் கமோடு நாற்காலி கிடைக்கும், வாங்கிவிடுங்கள். தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுவதும் அந்த வாரம் வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஈரம் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் வழுக்கி விழக் கூடாது.

5 கிலோவுக்கு மேல் எதையும் தூக்க விடாதீர்கள். தண்ணீர்க் குடம் மட்டுமல்ல, ஓடிவருகிற பேரனையும்தான். இருமல், தும்மல் வந்தால் உள்ளங்கையால் இடுக்கை அழுத்திக்கொள்ளட்டும். மலச்சிக்கல் வந்தால் முக்க வேண்டாம், டாக்டரிடம் மருந்து கேளுங்கள். மேலுக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம். காயம் ஆறும்வரை ஊருணியில் இறங்கக் கூடாது.

காயத்தைச் சுற்றி நீலம் பாரித்து, அது தொடைவரை இறங்கினால் பயப்பட வேண்டாம். வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனாலோ, கால் சில்லிட்டு மரத்தாலோ உடனே ஆஸ்பத்திரி. ரத்தம் கசிந்தால் படுக்கவைத்து 10 நிமிடம் கையை எடுக்காமல் அழுத்துங்கள். நிற்கவில்லை என்றால், அல்லது பீய்ச்சி அடித்தால், அழுத்தியபடியே 108.

அப்புறம் மாத்திரை. 'இப்போது துடிப்பு சரியாகத்தானே இருக்கிறது' என்று ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. குறைந்தது 2, 3 மாதமாவது தொடரச் சொல்வார்கள்; எப்போது நிறுத்துவது என்பது டாக்டர் முடிவு. மூட்டுவலிக்கு டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் என்று கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், ரத்தக்கசிவை அவை கூட்டும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளில் ஒன்றான அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் கீரையை ஒரு நாள் நிறைய, ஒரு நாள் இல்லை என்று மாற்றாமல் ஒரே அளவில் சாப்பிட வேண்டும்.

முதல் 3 மாதத்தில் படபடப்பு திரும்ப வரலாம். அதை வைத்துச் சிகிச்சை தோற்றது என்று மனம் உடைந்துவிடாதீர்கள். எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, நாடி எத்தனை என்று காலண்டரிலேயே குறித்து, அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். மயக்கமோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் காத்திருக்கக் கூடாது.

இனிச் சொல்வதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இதயத்துக்கு நேர் பின்னால் உணவுக்குழாய் இருக்கிறது. அந்தச் சூடு அதையும் தாக்கிப் புண்ணாக்குவது மிக அபூர்வம், ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது. வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்துக்கூடத் தெரியவரும். காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், இவற்றில் எது வந்தாலும் கஷாயம் வைத்துப் பார்க்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கே போய், வாசலிலேயே "அப்லேஷன் செய்திருக்கிறது" என்று சொல்லி டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டுங்கள். எண்டோஸ்கோப்பி எடுக்கலாம் என்றால், அப்லேஷன் செய்த டாக்டரிடம் பேசாமல் எடுக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.