ஹோங்டேல நைட் அவுட்டா? மொதல் கடையிலயே வயித்த ரொப்பிடாதீங்க

சியோல்ல ஹோங்டே பக்கம் ஃப்ரெண்ட்ஸோட ராத்திரி சுத்தப் போற நம்மாளுங்க பண்ற தப்புல முக்காவாசி ஒரே நெனப்புல இருந்துதான் வருது, அதாவது ஒரு கடைல உக்காந்தோமா, சாப்பிட்டோமா, அங்கேயே அரட்டை அடிச்சு முடிச்சிட்டு வீட்டுக்குப் போனோமான்னு. அங்க கணக்கே வேற. மொதல் கடை இல்ச்சா, ரெண்டாவது ஈச்சா, மூணாவது சாம்ச்சா. ரவுண்டுக்கு ரவுண்டு கடையும் மாறும், சாப்பாடும் மாறும்.

இது தெரியாம நாங்க மொதல் தடவை போனப்ப சம்கியோப்சால் கடையில (பன்னியோட வயித்துப் பகுதி, மேசையிலயே சுட்டுத் திங்கறது) மூணு பேரு வெளுத்துக் கட்டிட்டோம், கறி முடிஞ்சு சோறு, அதுக்கு மேல ஐஸ் போட்ட குளிர் நூடுல்ஸ் வேற. எந்திரிக்க முடியாம உக்காந்திருக்கோம், கூட வந்த கொரியன் பசங்க சிரிச்ச முகமா "ஈச்சா?"ங்கறானுங்க. அடுத்த கடைல பொரிச்ச கோழியும் பீரும் வந்துச்சு, நான் அந்தக் கோழியப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். அதனால மொதல் கடைல அரை வயிறு போதும். பார் மாதிரி எடத்துக்குப் போனா கூட ஆஞ்சு, அதான் சைட் டிஷ், ஒண்ணாவது ஆர்டர் பண்ணச் சொல்ற கடைங்கதான் நெறைய.

கறிக்கடைல இன்னொண்ணு. இடுக்கி கைக்கு வந்ததும் நான் தோசை திருப்புற மாதிரி பத்து செகண்டுக்கு ஒருதரம் திருப்பிட்டே இருந்தேன். கடைக்கார அம்மா வந்து ஒண்ணும் சொல்லல, கைல இருந்து இடுக்கிய வாங்குனாங்க, ஒரே ஒரு தடவ திருப்பிப் போட்டாங்க, கத்திரிக்கோலால சரக் சரக்னு வெட்டி, வெந்ததெல்லாம் ஓரமா தள்ளிட்டுப் போயிட்டாங்க. அவ்வளவுதான், மானம் போச்சு. அவங்க சுட்டுத் தர்ற கடையா இருந்தா பேசாம இருங்க. ஆர்டரும் ஆளுக்கு ஒரு வகைன்னு சொல்லாதீங்க, ஒரு வகைக்கு 2 இன்பூன் (ரெண்டு ஆள் அளவு) கொறைஞ்சபட்சம் கேக்குற கடை ஜாஸ்தி. சாப்ஸ்டிக் வரலையேன்னு காத்திருக்காதீங்க, மேசைக்குப் பக்கவாட்டுல இழுப்பறைக்குள்ள இருக்கும், நாங்க பத்து நிமிஷம் தேவுடு காத்தோம். கூப்பிட மேசையிலயே பெல் இருக்கும், இல்லைன்னா "யோகியோ"ன்னு சத்தமா கூப்பிடலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. வயசான அம்மாவா இருந்தா "இமோ"ம்பாங்க, அம்மாவோட கூடப்பொறந்தவங்கன்னு அர்த்தம், நாம ஹோட்டல்ல அக்கான்னு கூப்பிடறோமே அந்த மாதிரி.

சைவக்காரங்க தயவுசெஞ்சு வீட்டுலயே சாப்பிட்டுப் போயிடுங்க. கிம்ச்சில (காரமா ஊற வச்ச முட்டைக்கோசு) பெரும்பாலும் மீன் சாஸோ உப்பு எறாவோ இருக்கும், சூப்புக்கு நெத்திலி கொதிக்க வச்ச தண்ணி. "கறி வேணாம்"னு சொன்னா கறித்துண்ட மட்டும் எடுத்துட்டுக் குடுப்பாங்க.

சோஜு (அந்த ஊரு சாராயம்) பாட்டில் 360 மில்லி, சாதாரணது 16, 17 சதவீதம் கிட்ட இருக்கும். சின்ன கிளாஸ்தானேன்னு ஏமாந்தவங்க நெறைய பேரு, அதுவும் பீர்ல கலந்து சோமெக்னு குடுத்தா தண்ணி மாதிரி எறங்கும், ஏறுறது அப்புறம்தான் தெரியும். தன் கிளாஸுக்குத் தானே ஊத்திக்கறது, பாதி இருக்கறப்பவே மேல ஊத்தறது ரெண்டும் நல்லாருக்காது. பெரியவங்க ஊத்துனா ரெண்டு கையால வாங்கிட்டு மூஞ்சிய லேசா அந்தப் பக்கம் திருப்பிக் குடிக்கணும். அப்பா முன்னாடி குடிக்க நேர்ந்தா நாம எப்படி நெளிவோமோ அதேதான் (அப்பாவுக்கு அங்கயும் அப்பாதான், தெரியுமில்ல).

பில்லுக்கு கவுன்டர்ல நின்னு அஞ்சு கார்டு நீட்டாதீங்க. இல்ச்சா ஒருத்தர் குடுத்தா ஈச்சா இன்னொருத்தர், இல்ல ஒருத்தர் குடுத்துட்டு மத்தவங்க அப்புறம் அனுப்பிடுவாங்க. டிப்ஸும் வேணாம்.

இதெல்லாம் கூட மன்னிப்பாங்க, ட்ரெயின் மன்னிக்காது. மெட்ரோ நடுராத்திரி சுமாருக்கு நின்னுடும், கடைசி வண்டிங்க சிலது பாதி வழியிலயே முடிஞ்சிடும், அதனால கடைசி ஸ்டேஷன் பேரப் பாத்து ஏறுங்க. நொரேபாங்ல (பாட்டு ரூம்) ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டிட்டு பாடிட்டிருக்கறப்ப கடைக்காரர் "சர்வீஸ்"னு இருபது நிமிஷம் சும்மா போட்டு விடுவாரு, சர்வீஸ்னா அங்க இனாம். அந்த இனாம்லதான் எங்க ட்ரெயின் போச்சு. டாக்சிக்கு ராத்திரி 10லேர்ந்து 4 வரைக்கும் கூடுதல் சார்ஜ், அதுலயும் 11லேர்ந்து 2 வரைக்கும் 40 சதவீதம், எல்லாரும் கெளம்புற நேரமும் அதேதான். N-னு ஆரம்பிக்கிற நம்பர் போட்ட நைட் பஸ் இருக்கு, ஓல்பெமின்னு பேரு, ஆந்தைன்னு அர்த்தம். வழி பாக்க நேவர் மேப்போ ககாவோ மேப்போ முன்னாடியே ஏத்திக்கோங்க, நாம பழகுன மேப் அங்க நடக்கற வழிக்கு ஒத்துவராம போகலாம்.

பதினொன்றரைக்கு எந்திரிச்சிடுங்க, இல்லையா, விடியக்காலைல வர்ற மொத வண்டி வரைக்கும் இருக்கறதுன்னு துணிஞ்சிடுங்க. ரெண்டாவதுன்னா அரை வயிறு காலியா வச்சிருந்தது அப்பதான் உதவும், நாலு மணிக்கு ஹேஜாங்குக் (போதை தெளியக் குடிக்கிற சூப்) கடைல கொதிக்கக் கொதிக்க சூப்பும் சோறும் கெடைக்கும்.