ஆசிரியர் குற்றச்சாட்டுக் குறிப்பாணைக்கு விளக்கம் அளிக்கும் முறை

சென்னை அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்குக் குற்றச்சாட்டைக் கூறி விளக்கம் கேட்கும் குறிப்பாணை வந்தால், அது தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளின் எந்தப் பிரிவில் வந்தது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். விதி 17(அ) சிறு தண்டனைக்கானது. அலுவலகப் பேச்சில் ‘பதினேழு பி’ எனப்படும் 17(ஆ) பணிநீக்கம் வரை செல்லக்கூடியது.

விளக்கம் எழுதும் முன், குற்றச்சாட்டுக்கு ஆதாரமான ஆவணங்களின் நகல்களை எழுத்துமூலம் கேட்டு, ஒப்புகை பெறுங்கள். கோபத்தில் எழுதிய விளக்கமே பின்னர் எதிர்ச்சான்றாகிவிடுவதுண்டு. ஆகவே ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக, தேதியோடும் பதிவேட்டுச் சான்றோடும் பதில் அளியுங்கள். 17(ஆ) நடவடிக்கையில் வாய்மொழி விசாரணை வேண்டுமென்று தெளிவாகக் கோருங்கள். அங்கே சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். விசாரணை அறிக்கையின் நகலைத் தண்டனைக்கு முன்பே தர வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 1993இல் உறுதிசெய்த உரிமையாகும்.