மர்மத் தொடர் ஊகங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீசியசில், ரோஸ் ஹில்லில் உள்ள என் அத்தை வீட்டில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எல்லோரும் கூடி மர்மத் தொடர் பார்ப்பது பல ஆண்டுப் பழக்கம். ஒரு பகுதி முடிந்ததும் வனிலாத் தேநீர் வரும். கொலையாளி யார் என்ற வாதம் கிரியோலில் தொடங்கிப் பாதியில் தமிழுக்கு மாறும். அவரவர் ஊகத்தைத் தேதியிட்டு எழுத நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். அதைப் புரட்டினால், எங்கள் ஊகங்களில் பாதிக்கு மேல் ஒரே வகைப் பிழைகளால் பொய்த்திருப்பது தெரிகிறது.

எங்கள் தீவில் முதலிடம் மொழிப் பிழைக்குத்தான். வெளிநாட்டுத் தொடர்களை எங்கள் வீட்டில் பெரும்பாலும் பிரெஞ்சுக் குரலில் பார்க்கிறோம். ஆங்கிலத்தில் யாரிடம் பேசினாலும் ‘யூ’ என்ற ஒரே சொல்தான். பிரெஞ்சில் பெயர்ப்பவரோ, நாம் நீ, நீங்கள் என்று பிரிப்பதுபோல, ‘தூ’, ‘வூ’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஒரு தொடரில் காவல் அதிகாரியும் சந்தேகத்துக்குரிய பெண்ணும் நான்காம் பகுதியில் திடீரென்று ‘தூ’ போட்டுப் பேசியதை வைத்து, இருவருக்கும் பழைய உறவு இருப்பதாக அத்தை மகன் மூன்று வாரம் வாதாடினான். ஆங்கில ஒலியை வைத்துக் கேட்டபோது அந்த உறவு பெயர்ப்பாளர் உண்டாக்கியது என்று தெரிந்தது. ஒரு சொல்லின் மீது ஊகம் கட்டுவதற்கு முன், அந்த இடத்தை மட்டுமாவது மூல ஒலியில் கேட்டுவிடுவது நல்லது.

தமிழிலேயே எடுத்த தொடராக இருந்தாலும் தப்ப முடியாது. 2022இல் எட்டுப் பகுதிகளாக வந்த ‘சுழல்’ தொடரின் பின்னணி மயானக் கொள்ளைத் திருவிழா. தைப்பூசக் காவடியும் தீமிதியும் எங்களுக்குப் பழக்கம். மயானக் கொள்ளையை எங்கள் வீட்டில் ஒருவரும் நேரில் கண்டதில்லை. அதனால் அம்மன் வேடம் புனைந்து வருபவர்களை எல்லாம் முகம் மறைத்த குற்றவாளிகளாகச் சந்தேகித்தோம். அந்த ஊர்க்காரருக்கு வழக்கமாகத் தெரிவது நமக்கு விசித்திரமாகத் தோன்றினால், அதைத் துப்பு என்று எழுதுவதற்கு முன் விவரம் தெரிந்த ஒருவரைக் கேட்டுவிட வேண்டும்.

எண்களின் மயக்கம் இன்னொரு பக்கம். விமானம் விழுந்து ஒரு தீவில் சிக்கிக்கொண்டவர்களின் கதையாக 2004 முதல் 2010 வரை ஒளிபரப்பான ‘லாஸ்ட்’ தொடரில் 4, 8, 15, 16, 23, 42 என்ற எண்கள் திரும்பத் திரும்ப வரும். கூட்டினால் 108, தீவின் நிலவறையில் பொத்தானை அழுத்த வேண்டியதும் 108 நிமிடத்துக்கு ஒருமுறை. 108 நாமங்கள் சொல்லும் அஷ்டோத்திர அர்ச்சனை கேட்டு வளர்ந்த வீட்டில் இதைச் சும்மா விடுவார்களா? விமான எண் 815 தொடங்கி எங்கள் தெருக் கதவு எண் வரை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தோம். கூட்டியும் கழித்தும் பார்க்க அனுமதி இருந்தால் எந்த எண்ணும் எந்த எண்ணாகவும் ஆகிவிடும் என்பது பிறகுதான் உறைத்தது.

எனினும், நான் மிகப் பெரிதாகக் கருதும் தவறு வேறு. தொடரைச் சிலர் கூடி, செலவுக்கும் காலத்துக்கும் கட்டுப்பட்டு எடுக்கிறார்கள் என்பதையே மறந்துவிடுகிறோம். 1990இல் தொடங்கிய ‘ட்வின் பீக்ஸ்’ தொடரில் ரசிகர்களை நடுங்க வைத்த பாப் என்ற உருவம் முதலில் திட்டத்திலேயே இல்லை. அரங்கப் பொருள்களை அடுக்கும் பணியிலிருந்த ஃபிராங்க் சில்வாவின் உருவம் ஒரு காட்சியில் தற்செயலாகக் கண்ணாடியில் விழ, இயக்குநர் டேவிட் லிஞ்ச் அதை நீக்காமல் கதைக்குள் இழுத்துக்கொண்டார். ‘லாஸ்ட்’ தொடரில் வால்ட் என்ற சிறுவன் கதையிலிருந்து ஒதுங்கியதற்கு நாங்கள் அமானுஷ்யக் காரணங்கள் ஐந்தாறு எழுதியிருந்தோம். கதையில் சில வாரங்களே கடந்திருக்க, நடித்த பையனோ மளமளவென்று வளர்ந்துகொண்டிருந்தான். அதே தொடரில் எக்கோ என்ற பாத்திரமாக நடித்தவர் தாமே விலக விரும்பியதால்தான் அந்தப் பாத்திரம் மூன்றாம் பருவத்தில் இறந்தது. ஒரு பாத்திரம் காரணமின்றி மறைந்தால், கதைக்கு வெளியிலும் காரணம் இருக்கலாம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

பாத்திரம் சொன்னதும் நாம் கண்ணால் கண்டதும் ஒன்றல்ல. நோட்டில் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதினால் போதும்.

சொந்த ஊகத்தின் மீதுள்ள பாசம் கடைசிவரை விடாது. ஏழு கறிச் சாப்பாட்டில் பிடித்த கறியை மட்டும் தொட்டுக்கொண்டு, மற்றவை இலையிலேயே இல்லை என்பதுபோல நடந்துகொள்கிறோம். ‘லாஸ்ட்’ தொடரில் விமானம் விழுந்தபோதே எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்பது என் ஊகம். 2010 மே 23 அன்று வந்த இறுதிப் பகுதியில், நடந்தவை யாவும் உண்மை, சிலர் உனக்கு முன்பும் சிலர் வெகுகாலம் கழித்தும் இறந்தார்கள் என்ற பொருளில் நாயகன் ஜாக்கிடம் அவன் தந்தை சொல்லிவிடுகிறார். அதைக் காதில் வாங்காமல், முடிவில் ஓடிய பெயர்ப் பட்டியலின் பின்னே தெரிந்த ஆளற்ற விமானச் சிதைவைச் சான்றாகக் காட்டினேன். அந்தக் காட்சிகள் கதையின் பகுதியல்ல, ஒளிபரப்பு நிறுவனம் சேர்த்தவை என்று பின்னர் தெரிந்தது. என் ஊகம் தவறாக இருந்தால் திரையில் எதைக் காண்பேன் என்று முதலிலேயே எழுதியிருந்தால், ஜாக்கின் அப்பா பேசிய அந்தப் பேச்சோடு விட்டுக்கொடுத்திருப்பேன்.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனபோது அத்தை நோட்டைப் பிடுங்கிக்கொண்டு, “அப்படியே இருக்கட்டும்டா, அடுத்த தொடருக்கு ஆகும்” என்றார். ஓரத்தில் அவர் சிவப்பு மையில் போட்ட பெருக்கல் குறி இன்னும் இருக்கிறது.