கனடா பி.ஆர். விண்ணப்பத்துக்குப் பண ஆதாரம்: வங்கிக் கடிதம் முதல் தானப் பத்திரம் வரை

திறன்மிகு பணியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை வழியாகக் கனடாவின் நிரந்தர வதிவுரிமைக்கு முயல்கிறவர்கள் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுக்கு மாதக்கணக்கில் படிக்கிறார்கள். பட்டப்படிப்புச் சான்றிதழ் மதிப்பீட்டுக்குப் பல்கலைக்கழகத்துக்கு நடையாய் நடக்கிறார்கள். அங்கே குடியேறப் போதிய பணம் இருக்கிறது என்று காட்டும் பண ஆதாரத்தை மட்டும், விண்ணப்பிக்கச் சொல்லிக் கனடா அரசின் அழைப்பு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். அழைப்பு வந்த நாளிலிருந்து முழு விண்ணப்பத்தையும் அனுப்பக் கிடைப்பது 60 நாள். வங்கிக் கடிதத்தில் கேட்கப்படுவதோ கடந்த ஆறு மாதத்தின் சராசரி இருப்பு. அதனால் இந்த வேலையைத் தொடங்க வேண்டிய நேரம், எக்ஸ்பிரஸ் என்ட்ரி இணையதளத்தில் உங்கள் சுயவிவரத்தைப் பதிவு செய்யும் நேரம்தான்.

படி 1: உங்களுக்கு இது தேவையா?

ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் (திறன்மிகு பணியாளர்), ஃபெடரல் ஸ்கில்டு டிரேட்ஸ் (திறன்மிகு கைத்தொழிலாளர்) ஆகிய இரு பிரிவுகளில் அழைப்பு பெறுகிறவர்கள் பண ஆதாரம் காட்ட வேண்டும். கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ் (கனடாவில் வேலை செய்த அனுபவம் உள்ளவர்) பிரிவில் வருகிறவர்களுக்கு வேண்டியதில்லை. ஏற்கெனவே கனடாவில் வேலை செய்ய அனுமதியும், விதிகளுக்கு உட்பட்ட வேலைவாய்ப்புக் கடிதமும் சேர்ந்தே கையில் இருப்பவர்களுக்கும் விலக்கு உண்டு.

விலக்குப் பெற்றவர்களிடமும் விண்ணப்ப இணையதளம் இந்த ஆவணத்தைக் கேட்கலாம். அந்த இடத்தைக் காலியாக விட முடியாது. 'இன்ன காரணத்தால் எனக்கு விலக்கு' என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, வேலைவாய்ப்புக் கடிதம் இருந்தால் அதையும் இணைத்து ஏற்றிவிடுங்கள்.

படி 2: எவ்வளவு வேண்டும்?

குறைந்த வருமானத்துக்கான கனடாவின் அளவுகோலில் பாதியைக் கணக்கிட்டு, ஆண்டுதோறும் இந்தத் தொகையைத் திருத்துகிறார்கள். 2025 ஜூலையில் அறிவித்த பட்டியலின்படி, தனியாள் என்றால் 15,263 கனடிய டாலர். இருவருக்கு 19,001, மூவருக்கு 23,360, நால்வருக்கு 28,362, ஐவருக்கு 32,168. நீங்கள் படிக்கும் நேரத்தில் புதிய பட்டியல் வந்திருக்கலாம். கனடா குடிவரவுத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தொகை மாறும்போது சுயவிவரத்தில் நீங்கள் எழுதிய எண்ணையும் திருத்த வேண்டும்.

பலர் தடுமாறுவது தலைக்கணக்கில்தான். மனைவியும் குழந்தையும் பிறகு வரட்டும், இப்போதைக்கு நான் மட்டும் போகிறேன் என்பவரும் மூவருக்கான தொகையைத்தான் காட்ட வேண்டும். கூட வருகிறார்களா என்பது இங்கே கேள்வியே இல்லை. கணவன் அல்லது மனைவி, 22 வயதுக்குக் கீழே உள்ள திருமணமாகாத பிள்ளைகள் எல்லாரும் கணக்கில் உண்டு. அவர்களில் ஒருவர் ஏற்கெனவே கனடியக் குடிமகனாக இருந்தாலும் எண்ணிக்கை குறையாது. உங்கள் பெற்றோர் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

ரூபாயில் பார்ப்போம். ஒரு டாலர் 62 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூவர் குடும்பத்துக்கு 14,48,320 ரூபாய் வேண்டும். அந்தத் தொகையை அப்படியே சரியாக வைத்திருக்கிறீர்கள். டாலர் 66 ரூபாய்க்குப் போகிறது. உங்கள் பணம் 21,944 டாலராகச் சுருங்கிவிடும், தகுதியும் போய்விடும். 16 லட்சம் இருந்தால் அந்த விலையிலும் 24,242 டாலர் நிற்கும். ஆகவே பத்து விழுக்காடு கூடுதலாக வைத்திருப்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். விண்ணப்பக் கட்டணத்தையும் இதே கணக்கிலிருந்து கட்டப் போகிறீர்கள் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: எந்தப் பணம் கணக்கில் சேரும்?

ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: நாளைக்கே எடுத்துச் செலவு செய்ய முடியுமா? சேமிப்புக் கணக்கு, முன்கூட்டியே முறிக்கக்கூடிய வைப்புத்தொகை இரண்டும் தயக்கமில்லாமல் சேரும். மியூச்சுவல் ஃபண்ட், பங்குகள் ஆகியவற்றையும் முதலீட்டுக் கணக்காகக் காட்டலாம். ஆனால் சந்தை இறங்கினால் தொகையும் இறங்கும் என்பதால், அவற்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு குறைந்தபட்சத் தொகையை வங்கியிலேயே காட்டிவிடுவது நிம்மதி.

வரிச் சலுகைக்காகப் போட்ட ஐந்தாண்டு வைப்புத்தொகையை இடையில் முறிக்க முடியாது. இ.எல்.எஸ்.எஸ். எனப்படும் வரிச் சலுகை மியூச்சுவல் ஃபண்ட் திட்டங்களுக்கு மூன்றாண்டுப் பூட்டு. பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) பதினைந்து ஆண்டுக் கணக்கு. இடையில் எடுப்பதற்கும் ஏகப்பட்ட வரம்பு. சம்பளத்தில் பிடிக்கும் வருங்கால வைப்பு நிதியும் அப்படித்தான். இவற்றை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வீடு, மனை எத்தனை கோடி பெறுமானம் என்றாலும் சேராது; விதியே அப்படி. நகையும் பெட்டியில் இருக்கும் வரை நகைதான். விற்று, ரசீதோடு வங்கியில் போட்ட பிறகே அது பண ஆதாரம்.

கடன் வாங்கிய பணம் கூடாது என்று விதி வெளிப்படையாகச் சொல்கிறது. மைத்துனரிடம் கைமாற்று வாங்கி மூன்று மாதம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் இங்கே செல்லாது. கமிஷனுக்குக் 'கணக்கில் பணம் காட்டித் தருகிறோம்' என்று சொல்லும் ஏஜென்டுகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பொய்த் தகவல் கொடுத்தது தெரியவந்தால் ஐந்தாண்டுத் தடை விழுவது உங்களுக்குத்தான், ஏஜென்டுக்கு அல்ல.

கனடாவின் ஸ்கார்பரோவில் சித்தப்பா இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்பதும் உதவாது. கனடாவில் உறவினர் இருப்பது தகுதிப் புள்ளிகளில் சில இடங்களில் கைகொடுக்கும். பண ஆதாரத்துக்கு ஈடாகாது.

கணவன் மனைவி கூட்டுக் கணக்கைத் தாராளமாகக் காட்டலாம். மனைவி பெயரில் மட்டும் இருக்கும் கணக்கென்றால், அந்தப் பணத்தை நீங்கள் பயன்படுத்த முடியும் என்பதற்கு ஆதாரம் வேண்டும். எளிய வழி, நேரம் இருக்கும்போதே இரண்டாவது பெயரைச் சேர்த்துவிடுவது.

படி 4: பணத்தை முன்கூட்டியே ஓரிடத்தில் சேருங்கள்

ஐந்து மாதம் கணக்கில் 2 லட்சம் இருந்தது, ஆறாவது மாதம் 16 லட்சம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய இருப்பு 16 லட்சம். ஆறு மாதச் சராசரியோ 4,33,000 சொச்சம். இரண்டு எண்களும் ஒரே கடிதத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பார்க்கும் அதிகாரிக்கு எழும் முதல் கேள்வி, இந்த 14 லட்சம் எங்கிருந்து வந்தது என்பது. பணம் திடீரென்று வருவது குற்றமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கான பதிலை அவர் கேட்காமலே நீங்கள் இணைத்திருக்க வேண்டும். எதற்கு அந்த வேலை? ஏழெட்டு மாதம் முன்பே சேர்த்து வைத்துவிட்டால் பாதித் தாள்கள் மிச்சம்.

சேர்த்த பிறகு அங்குமிங்கும் மாற்றாதீர்கள். வட்டி கூடக் கிடைக்கிறதே என்று சேமிப்புக் கணக்கிலிருந்து புதிய வைப்புத்தொகை போட்டால், ஒரு கணக்கின் சராசரி கெடும், இன்னொரு கணக்கு நேற்றுப் பிறந்ததாகத் தெரியும். தானாகப் புதுப்பிக்கப்படும் வைப்புத்தொகையிலும் இதே சிக்கல் உண்டு: புதுப்பித்த தேதியே தொடங்கிய தேதியாக அச்சாகிவிடும். முதன்முதலில் போட்ட தேதியையும் எழுதித் தரும்படி வங்கியில் கேளுங்கள். பழைய ரசீதின் நகலும் கையில் இருக்கட்டும்.

படி 5: வங்கிக் கடிதம்

பாஸ்புக் நகலோ, கைபேசியில் எடுத்த கணக்கு அறிக்கையோ இதற்கு மாற்று அல்ல. வங்கியின் பெயர் அச்சிட்ட தாளில் கடிதம் வேண்டும். அதில் வங்கியின் முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், உங்கள் பெயர் இருக்க வேண்டும். இப்போது உங்களுக்குள்ள வங்கிக் கணக்குகள், முதலீட்டுக் கணக்குகள் ஒவ்வொன்றுக்கும் கணக்கு எண், தொடங்கிய தேதி, இன்றைய இருப்பு, கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பு. கடைசியாக, அந்த வங்கியில் உங்களுக்குள்ள நிலுவைக் கடன்கள்: கிரெடிட் கார்டு, வீட்டுக் கடன், நகைக் கடன் எல்லாம். கடனே இல்லை என்றால் 'நிலுவை இல்லை' என்ற வரி இருக்க வேண்டும். அந்த வரி விடுபட்ட கடிதங்கள்தான் அதிகம்.

நம் ஊர்க் கிளைகளில் இதைக் கேட்டால் பெரும்பாலும் நீட்டுவது இருப்புச் சான்றிதழ் அல்லது சால்வன்சி (கடன் தீர்க்கும் வசதி) சான்றிதழ். இரண்டிலும் சராசரியும் இருக்காது, கடன் விவரமும் இருக்காது. கிளை மேலாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கணினியில் இருக்கும் படிவம் அவ்வளவுதான். மேலே சொன்ன விவரங்கள் எல்லாம் வரும்படி ஆங்கிலத்தில் ஒரு மாதிரிக் கடிதத்தைத் தட்டச்சு செய்து, அச்செடுத்த தாளும் மின்னஞ்சல் நகலுமாகக் கொண்டுபோங்கள். கனடா அரசின் பக்கத்தில் இந்த விவரங்கள் கேட்கப்பட்டிருப்பதையும் அச்செடுத்துக் காட்டுங்கள். மாதத்தின் முதல் வாரம் போகாதீர்கள், ஓய்வூதியக் கூட்டத்தில் யாரும் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

அப்படியும் சராசரியை எழுதித் தர மறுத்தால், வங்கி தரும் சான்றிதழை வாங்கிக்கொண்டு, முத்திரையும் கையொப்பமும் இட்ட ஆறு மாதக் கணக்கு அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். நாள்தோறும் இருந்த இருப்பைக் கூட்டி, நாள்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரியை நீங்களே ஒரு தாளில் காட்டுங்கள். வங்கி மறுத்ததை விளக்கக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லுங்கள். முழுமையான கடிதத்துக்கு இது சமம் என்று சொல்ல மாட்டேன். ஒன்றுமே இல்லாமல் அனுப்புவதைவிட எவ்வளவோ மேல். கடிதம் முழுமையாகக் கிடைத்தவர்களும் கணக்கு அறிக்கையைச் சேர்த்து அனுப்புவது நல்லது.

கணக்குகள் மூன்று வங்கிகளில் இருந்தால் மூன்று கடிதங்கள். வளைகுடாவில் வேலை செய்கிறவர்களின் அங்குள்ள கணக்குக்கும் இதே விதிதான். கூட்டுறவு வங்கியின் தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வேண்டும். அதை நீங்களோ குடும்பத்தினரோ செய்யக் கூடாது.

படி 6: பெரிய வரவுகளுக்கு விளக்கம்

கணக்கு அறிக்கையை எடுத்துவைத்து, சம்பளம் அல்லாத பெரிய வரவுகளைப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு தாள் இருக்க வேண்டும். மனை விற்ற பணம் என்றால் கிரயப் பத்திரமும், வாங்கியவர் பணம் அனுப்பிய பதிவும். சீட்டு எடுத்த பணம் என்றால் பதிவு பெற்ற சீட்டு நிறுவனத்தின் கணக்கு. (தெருவில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் சீட்டுக்கு எந்தத் தாளும் வராது.) வைப்புத்தொகை முதிர்ந்தது என்றால் முடிவு ரசீது. காப்பீட்டு முதிர்வு, போனஸ் போன்றவற்றுக்கு அனுப்பியவர் தந்த கடிதமே போதும்.

அப்பா அம்மா கொடுத்த பணம் என்றால் தானப் பத்திரம் எழுதுவது வழக்கம். முத்திரைத்தாளில், நோட்டரி முன்னிலையில், கொடுப்பவர் பெயர், உறவுமுறை, தொகை, அனுப்பிய தேதி எல்லாம் வர வேண்டும். இது கடன் அல்ல, திருப்பித் தரத் தேவையில்லை என்ற வாசகம்தான் இதில் உயிர்நாடி. கூடவே அவர்களுடைய கணக்கிலிருந்து பணம் வெளியேறியதைக் காட்டும் அறிக்கை, உறவை நிரூபிக்க உங்கள் பிறப்புச் சான்றிதழ், முடிந்தால் அவர்களுக்கு அந்தப் பணம் வந்த வழி. ரொக்கமாக வாங்கிப் போடாதீர்கள். வங்கிக்கு வங்கி மாற்றினால்தான் தடம் இருக்கும். பெற்றோரிடமிருந்து பெறும் அன்பளிப்புக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது என்பதால், அதை மறைக்க எந்தக் காரணமும் இல்லை.

படி 7: ஒரே கோப்பாகத் தொகுத்தல்

பண ஆதாரத்துக்கு இணையதளத்தில் ஒரே ஓர் இடம்தான், கோப்பின் அளவு 4 எம்.பி.க்குள். எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப்.பாக இணையுங்கள். முதல் பக்கம் விளக்கக் கடிதம்: எந்த வங்கியில் எவ்வளவு, எந்தத் தேதியின் மாற்று விகிதத்தில் எத்தனை டாலர், மொத்தம் எவ்வளவு, பெரிய வரவுகளின் விளக்கம் எந்தப் பக்கத்தில் என்று அதில் இருக்கட்டும். அடுத்து வங்கிக் கடிதங்கள், பிறகு கணக்கு அறிக்கைகள், கடைசியில் தானப் பத்திரமும் மற்றவையும். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் அளவு குறையும், ஆனால் வங்கி முத்திரை தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். இந்த ஆவணம் இல்லாவிட்டால் விண்ணப்பம் முழுமையற்றது என்று பரிசீலனைக்கே எடுக்காமல் நிராகரிக்கலாம்.

படி 8: அனுப்பிய பிறகு

விண்ணப்பிக்கும் நாளில் மட்டுமின்றி, விசா வழங்கும் நாளிலும் பணம் இருக்க வேண்டும். இடையில் புதிய கடிதம் கேட்கலாம். தங்கையின் திருமணச் செலவு வந்தாலும் இதில் கைவைக்காதீர்கள்.

விசா வந்த பிறகு பணத்தை இந்தியாவிலிருந்து அனுப்ப, தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுமதி உண்டு. 2025 ஏப்ரல் நிலவரப்படி ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு 20 விழுக்காடு டி.சி.எஸ். (வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் அதை ஈடுசெய்துகொள்ளலாம் என்றாலும், கைக்கு வரும்வரை அந்தப் பணம் முடங்கியே இருக்கும். கணவன், மனைவி இருவரின் கணக்கிலிருந்தும் பிரித்து அனுப்பினால் ஆளுக்கு 10 லட்சம் வரை இந்தப் பிடித்தம் இல்லை. கையில் கொண்டுபோகிறவர்கள், ரொக்கமும் வங்கி வரைவோலையும் சேர்த்து 10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ இருந்தால் விமான நிலையத்தில் எல்லைச் சேவை அதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும். சொல்வதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. சொல்லாமல் பிடிபட்டால் பணத்தைப் பறிமுதல் செய்வார்கள்.