அப்பாவுக்குக் காது மந்தமா? கத்தாமல் பேசிப் பழகுவோம்

"நீ பேசுறது கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல." எங்கள் அப்பா அடிக்கடி சொல்வது இது. வயதால் காது மந்தமாகும்போது பலருக்கும் இப்படித்தான் தொடங்குகிறது. கீச்சுக் குரல் போன்ற உயர்ந்த ஒலிகள் முதலில் மங்கும். 'ஆ', 'ஓ' காதில் விழும். ச, த, க போன்றவை நழுவிவிடும். கத்தினால் விழுகிற ஒலிதான் இன்னும் பெரிதாகும், சொல் தெளியாது. உங்கள் முகமும் கோபமாகத் தெரியும். அதனால் முதல் வேலை, கத்துவதை விடுவது.

அடுத்து, டிவியையும் மிக்ஸியையும் நிறுத்துங்கள். காது மெஷின் போட்டிருந்தால் அந்த இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகும்.

சமையலறையிலிருந்து குரல் கொடுக்காமல் எதிரே வந்து, மூன்று நான்கு அடி தூரத்தில் உட்காருங்கள். ஜன்னல் உங்களுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். வாயைக் கையால் மறைக்காதீர்கள்.

இனி பேச்சு. எதைப் பற்றி என்பதை முதலில் சொல்லுங்கள்: "அப்பா, அத்தை வீட்டுக் கல்யாணம் பத்தி." அது தெரிந்துவிட்டால் விட்டுப்போன சொற்களை அவரே ஊகித்துக்கொள்வார். வழக்கமான குரலில், சற்று நிதானமாகப் பேசினால் போதும். இரண்டு முறை சொல்லியும் புரியவில்லையா? அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் வாக்கியத்தை மாற்றுங்கள். ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடும். 'படம்' என்றீர்களா 'மடம்' என்றீர்களா என்று உதட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

மாத்திரை, நேரம், பணம் என்றால் எழுதிக் காட்டுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் சங்கடத்தில் தலையாட்டிவிடுவார். "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியில் தமிழைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் பேசுவது திரையில் எழுத்தாக ஓடும். பெயர்களில் தடுமாறும், மற்றபடி உதவும்.

ஒன்று மட்டும் அவசரம். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

அப்புறம், "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று சொல்லவே சொல்லாதீர்கள். வீடே சிரிக்கும்போது அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்த வேடிக்கையை முதலிலிருந்து சொல்லுங்கள். இரண்டு நிமிடம் கழித்துத்தான் சிரிப்பார், சிரிக்கட்டும்.