சீஸ்மிக்ல பாறையை அடையாளம் காணும்போது பண்ணக்கூடாத தப்புகள்

சீஸ்மிக் செக்‌ஷன்ல (பூமிக்குள்ள அலையை அனுப்பி, திரும்பி வர்ற எதிரொலியை வச்சு வரையுற குறுக்குவெட்டுப் படம்) பளிச்னு ஒரு கோடு தெரிஞ்சா போதும், "மணற்பாறை, உள்ள எண்ணெய்"னு முடிவு கட்டிடுறாங்க. அந்தக் கோடு பாறையே இல்லைங்க. அடர்த்தியையும் ஒலி போற வேகத்தையும் பெருக்கினா வர்ற இம்பீடன்ஸ், மேல் பாறையில இருந்து கீழ் பாறைக்கு எவ்ளோ மாறுதுன்னு மட்டும்தான் அது காட்டுது.

ரெண்டு பாறைக்கும் இம்பீடன்ஸ் ஒண்ணா இருந்தா? வட கடல்ல பிரிட்டன் பக்கம் ஆல்பா (Alba) எண்ணெய் ஃபீல்டுல, 1984ல கண்டுபிடிச்சது, அதுதான் நடந்துச்சு. எண்ணெய் மணலுக்கும் மேல மூடியிருக்கிற ஷேலுக்கும் (களிமண் பாறை) பி-அலையில (அழுத்தி விரிச்சுப் போற அலை) வித்தியாசமே கம்மி, அதனால மணலோட மேல்மட்டம் சரியா தெரியல, ஆனா உள்ள எண்ணெய் முடிஞ்சு தண்ணி ஆரம்பிக்கிற மட்டம் மட்டும் நல்லா தெரிஞ்சுது! 1998ல கடல் தரையில கேபிள் போட்டு, பி-அலையா இறங்கி எஸ்-அலையா (பக்கவாட்டுல ஆட்டுற அலை) திரும்பி வர்றதை பதிவு பண்ணாங்க. எஸ்-அலைக்கு மணலோட நுண்துளையில எண்ணெயா தண்ணியாங்கிறது பெரிய விஷயமில்ல, கல்லோட விறைப்புதான் முக்கியம், அதனால மணல் தனியா எழும்பி வந்துச்சு. அதனால வெறும் பி-அலை ஆம்ப்ளிட்யூடை (எதிரொலியோட வலிமை) மட்டும் வச்சு பாறை பேரு சொல்லாதீங்க, ஆஃப்செட் (அலை அனுப்புற இடத்துக்கும் பதிவு பண்ற கருவிக்கும் உள்ள தூரம்) கூட கூட ஆம்ப்ளிட்யூட் எப்படி மாறுதுன்னும் பாருங்க.

கேஸ் விஷயம் இன்னும் மோசம். ஆழம் கம்மியான இளகுன மணல்ல சில சதவீதம் கேஸ் இருந்தாலே பி வேகம் விழுந்துடும், நிறைய இருந்தாலும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் தெரியும். பிரைட் ஸ்பாட்டை (படத்துல இப்படி பளிச்னு தெரியுற இடம்) நம்பி தோண்டினா உருப்படியா ஒண்ணும் வராம போகலாம்.

அப்புறம் கனம். வேகம் வினாடிக்கு 3000 மீட்டர், அலை 30 ஹெர்ட்ஸ்னா அலைநீளம் 100 மீட்டர், அதுல கால்வாசி, 25 மீட்டருக்கும் மெல்லிசான அடுக்கோட மேல்மட்ட எதிரொலியும் கீழ்மட்ட எதிரொலியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்போ ஆம்ப்ளிட்யூட் கூடினா பாறை மாறிடுச்சா, கனம் மாறிடுச்சான்னு தெரியாது. போலாரிட்டியை (இம்பீடன்ஸ் கூடினா அலை மேடா வருதா பள்ளமா வருதாங்கிறது) கிணத்து லாக்கோட (கிணத்துக்குள்ள கருவி இறக்கி எடுத்த அளவீடு) ஒப்பிட்டுப் பாக்காம வேலை ஆரம்பிக்கிறதெல்லாம் சொல்லவே வேணாம்.

இன்வெர்ஷன் (சீஸ்மிக்ல இருந்து இம்பீடன்ஸைத் திருப்பிக் கணக்குப் போடுறது) கலர் படத்தைப் பாத்தும் மயங்காதீங்க. சீஸ்மிக்ல இல்லாத குறைஞ்ச ஃப்ரீக்வென்ஸியை நாமதான் கிணத்துல இருந்து எடுத்து நிரப்புறோம், ஸோ கிணறு தள்ளிப் போகப் போக அது நம்ம அனுமானம்தான்.

இப்போ மெஷின் லேர்னிங் (கம்ப்யூட்டரைப் பழக்கி பாறையைச் சொல்ல வைக்கிறது) சீசன் வேற. லாக்ல அரை அடிக்கு ஒரு ரீடிங், அதை கலைச்சுப் போட்டு ட்ரெய்ன், டெஸ்ட்னு பிரிச்சா பக்கத்து பக்கத்து ரீடிங்கே ரெண்டுலயும் இருக்கும், ஸ்கோர் சூப்பரா வரத்தான் செய்யும். ஒரு கிணத்தை முழுசா மறைச்சு வச்சுட்டு டெஸ்ட் பண்ணுங்க.